கதவு திறந்த விளையாட்டுப் பெட்டி நம் வீட்டுக்கு வருமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடமில்லை. துணிக்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை, பூக்கடை என்று வாசலுக்கு வாசல் கூட்டம். கைத்தொலைபேசிச் சாமான்கள் விற்கும் ஒரு சின்னக் கடை முன்னால் ஓர் அம்மாவும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனும் நின்றுகொண்டிருந்தார்கள். பந்திங் சாலைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

கடைக்காரத் தம்பி ஒரு கறுப்புக் குச்சியை எடுத்துக் காட்டினார். சீப்பில் பாதி நீளம் இருக்கும்.

"அக்கா, இதை டிவிக்குப் பின்னால செருகினா போதும். பத்தாயிரம் கேம் உள்ளேயே இருக்கு. ரெண்டு கைப்பிடியும் சேர்த்துத் தர்றேன்."

அம்மா விலையைக் கேட்டார். பையன் வேறொன்று கேட்டான்.

"அண்ணே, இதுல நாமளே ஒரு கேம் செஞ்சு போட முடியுமா?"

தம்பி சிரித்துவிட்டார். "அதெல்லாம் முடியாதுடா. உள்ள இருக்கிறதை விளையாட வேண்டியதுதான்."

பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டி விடை தேடிய கேள்வி அல்லவா அது! விலை மலிவாக இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பொருத்தி ஆடவேண்டும். அதே சமயம் யார் வேண்டுமானாலும், எவரிடமும் அனுமதி கேட்காமல், தாங்களே ஒரு விளையாட்டை உண்டாக்கி அதில் போடவும் வேண்டும். இப்படி ஒரு பெட்டி நிலைத்து நிற்குமா? நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அதனால் பயன் உண்டா?

தோட்டக் கடையும் விளையாட்டுப் பெட்டியும்

பெரிய கம்பெனிகளின் விளையாட்டுப் பெட்டிகள் எப்படி வியாபாரம் ஆகின்றன என்பது பழைய தோட்டக் கடையைத் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். கையில் காசில்லாவிட்டாலும் தோட்டக் கடையில் அரிசி கிடைக்கும், மண்ணெண்ணெய் கிடைக்கும். "எடுத்துக்கிட்டுப் போங்க, சம்பளத்துல பார்த்துக்கலாம்" என்பார் கடைக்காரர். முதல் நாள் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கும். பிறகு வேறு கடைக்குப் போக முடியாது. பற்றுப் புத்தகம் காலைக் கட்டிவிடும்.

மூடிய விளையாட்டுப் பெட்டியும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பெட்டியைக் குறைந்த லாபத்துக்கு விற்பார்கள். சில சமயம் கைநஷ்டத்துக்கும் விற்பதுண்டு. பிறகு அதில் போடும் ஒவ்வொரு விளையாட்டையும் அவர்கள் அனுமதித்த வழியாகத்தான் வாங்க வேண்டும். விளையாட்டைத் தயாரித்தவர் விற்பனையில் ஒரு பங்கைப் பெட்டிக்காரருக்குக் கட்ட வேண்டும். வெள்ளிக்கு 30 காசு என்பது இந்த வியாபாரத்தில் வெகுகாலமாக நிலவும் கணக்கு. அனுமதி பெறாதவர் உள்ளே நுழைய முடியாதபடி பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லும் இருக்கும்.

திறந்த பெட்டி என்றால் இந்தப் பூட்டு இல்லை. கிள்ளானில் இருக்கும் ஒரு பையனும் விளையாட்டை எழுதி அதில் போடலாம், தோக்கியோவில் இருக்கும் பெரிய கம்பெனியும் போடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியை விற்றவருக்குப் பிற்பாடு வருகிற வரும்படி என்ன? ஒன்றுமில்லை! ஆகவே பெட்டியின் விலையிலேயே அவர் தம் லாபத்தை எடுத்தாக வேண்டும். மலிவு, திறந்த கதவு இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டுவது, இரண்டு பக்கமும் இழுக்கிற மாடுகளை ஒரே வண்டியில் பூட்டுவது போலத்தான்.

கிராணியார் வீட்டு ஜன்னல்

மலிவுப் பெட்டி நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் மலேசியாவில் வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரு பெயரைச் சொல்லும்: மைக்ரோ ஜீனியஸ்! தைவான் நாட்டு டி.எக்ஸ்.சி. கம்பெனி செய்த சாமான் அது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் தேதி 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல். அப்போது நம்மூரில் யாரும் நிண்டெண்டோ என்று சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எந்தப் பெட்டியாக இருந்தாலும் அது மைக்ரோ ஜீனியஸ்தான்.

நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். எங்கள் தோட்டத்தில் முதலில் கிராணியார் வீட்டுக்குத்தான் அது வந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு மண்டோர் வீட்டுக்கு வந்தது. பிறகு ஒரு தீபாவளி சமயத்தில் லயத்து வீடுகளுக்கும், பசார் மாலாமில் வாங்கிய பெயர் தெரியாத நகலுக்கு நகலாக வந்து சேர்ந்தது. தொலைக்காட்சியின் ஏரியல் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் கம்பியைச் செருகி, ஒரு குமிழைத் திருகித் திருகி, புள்ளி மழைக்கு நடுவே படம் தெளிவாகும் இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. அதில் கைதேர்ந்த ஒரு பையனை வீட்டுக்கு வீடு கூட்டிக்கொண்டு போவார்கள்.

அட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. மேலே 999999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டையே திருப்பித் திருப்பிப் பெயர் மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்த ஏழெட்டுக்கே நாங்கள் அடிமை!

அவற்றில் ஒன்று, நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. எங்கள் பாஷையில் "டாங்கி கேம்". செங்கல் சுவருக்கு நடுவே டாங்கியை ஓட்டிக் கழுகுச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும். அதன் முதல் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. அதை அமுக்கினால் சுவர், ஆறு, காடு எல்லாவற்றையும் நம் இஷ்டம்போல் வைத்து நாமே ஓர் ஆட்டக்களத்தைக் கட்டலாம். என் கூட்டாளி ஒருவன் ஒரு நாள் எங்கள் தோட்டத்தையே கட்டிவிட்டான். இரண்டு வரிசை லயம், நடுவே சாலை, ஓரத்தில் ஆறு, மேட்டில் துரை பங்களா. துரை பங்களாவைத்தான் எல்லாரும் முதலில் சுட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதைச் சேமித்து வைக்க அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டர் நின்றதும் எல்லாம் போயிற்று. மறுநாள் திரும்பவும் கட்டினான். மூன்றாம் நாளும் கட்டினான். அதற்குப் பிறகு விட்டுவிட்டான். அந்தப் பெட்டி எங்களுக்குத் திறந்து வைத்திருந்த ஒரே ஜன்னல் அதுதான்.

நிண்டெண்டோ வராத இடங்களுக்கெல்லாம் இந்த நகல்கள்தாம் போய்ச் சேர்ந்தன. ரஷ்யாவில் 1992இல் டெண்டி என்ற பெயரில் விற்றது டி.எக்ஸ்.சி.யின் பெட்டிதான். போலந்தில் அது பெகாசஸ். மலிவாக விற்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஃபேமிகாமின் மூளை, 1975இல் வெறும் 25 டாலருக்கு வந்து உலகத்தையே அதிசயிக்கவைத்த 6502 என்ற சில்லின் வம்சம். பெட்டியின் வேலை நினைவகமோ 2 கிலோபைட்தான். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பிற்காலத்தில் பெட்டி முழுவதையுமே ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள்.

நகலெடுத்தவர்கள் விளையாட்டை உண்டாக்கியவர்களுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. அது கள்ளச் சரக்குதான், மழுப்ப வேண்டியதில்லை. நமக்கு அது மலிவைக் கொண்டுவந்தது, ஆனால் கதவைத் திறக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் மலேசியப் பிள்ளைகள் வருஷக்கணக்காக அதில் ஆடினார்கள். அதற்கு ஒரு விளையாட்டை எழுதுவது எப்படி என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கிள்ளான் கடையில் பார்த்த கறுப்புக் குச்சியும் அதே வம்சத்துக் கொழுந்துதான். விஷயம் தெரிந்தவர்கள் அதன் நினைவட்டையைக் கழற்றி வேண்டியதைப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் பத்து வயதுப் பையனுக்கு அதை யார் காட்டிக்கொடுப்பது?

பூட்டுப் போட்டதன் காரணம்

கதவைப் பூட்டியவர்களை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமாகாது. அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியின் பெட்டிக்கு அந்தக் காலத்தில் பூட்டே கிடையாது. யார் யாரோ விளையாட்டு செய்து விற்றார்கள். 1982, 1983 வாக்கில் கடைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் ஜனங்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். விற்காத அட்டைகளை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அலமகோர்டோ என்ற ஊரில் புதைத்தார்கள். 2014இல் அந்த இடத்தைத் தோண்டி எடுத்தும் காட்டினார்கள்!

அந்தச் சாம்பலின் மேல்தான் நிண்டெண்டோ அமெரிக்காவில் கடை விரித்தது. 1985இல் அங்கே விற்ற பெட்டியில் பூட்டுச் சில்லு இருந்தது. ஒரு கம்பெனி வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வந்தது. சின்ன ஆள்களுக்குக் கதவு அடைபட்டது.

99 டாலர் கனவு

இந்தப் பூட்டை உடைக்கிறேன் என்று 2012 ஜூலையில் கிளம்பியது ஓயா என்ற பெட்டி. அமெரிக்காவில் ஜூலி யூர்மன் என்ற பெண்மணி இதைத் தொடங்கினார். உள்ளே இருந்தது கைத்தொலைபேசிகளில் ஓடும் ஆண்ட்ராய்ட். விலை 99 டாலர். வாங்குகிற ஒவ்வொருவரும் அதற்கு விளையாட்டு எழுதலாம் என்பது வாக்குறுதி. கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் 9 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கேட்டார்கள். 63,000க்கும் அதிகமானோர் சேர்ந்து 85 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்! உலகம் எப்படி ஏங்கிக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2013 ஜூனில் பெட்டி கடைக்கு வந்தது. இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டையும் கொஞ்சமாவது இலவசமாக ஆடிப் பார்க்க விட வேண்டும் என்பது ஓயாவின் விதி. ஜனங்கள் இலவசத்தை ஆடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் சொற்பம். எழுதியவர்களுக்கு வரும்படி இல்லை. வரும்படி இல்லாத இடத்தில் நல்ல விளையாட்டு வராது. நல்ல விளையாட்டு இல்லாத பெட்டியை யார் வாங்குவார்? 2015இல் சிங்கப்பூர்க்காரரான டான் மின் லியாங் இணைந்து நிறுவிய ரேசர் கம்பெனி ஓயாவின் மென்பொருளையும் கடையையும் வாங்கிக்கொண்டது. 2019 ஜூன் 25ஆம் தேதி அந்தக் கடையின் விளக்கையும் அணைத்தார்கள்.

அன்றைக்கு நடந்ததைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளிலேயே பல, தலைமைக் கணினியிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்படி செய்யப்பட்டிருந்தன. கேட்க ஆளில்லாமல் அவை நின்றுபோயின. திறந்த கதவு என்று சொன்ன பெட்டியின் சாவி கடைசி வரை கம்பெனியின் கையில்தான் இருந்திருக்கிறது. எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்ற மாதிரிதான் இதுவும்.

இதற்கு முன்பே ஏழை நாடுகளைக் குறிவைத்து இன்னொன்று வந்தது. குவால்காம் கம்பெனியின் ஆதரவோடு 2009இல் பிரேசிலில் விற்பனைக்கு வந்த ஜீபோ. கைத்தொலைபேசிக் கம்பி வழியாகவே (கம்பி எங்கே, காற்று வழியாகவே என்று சொல்ல வேண்டும்) விளையாட்டு இறங்கும். அட்டையும் வேண்டாம், கள்ளப்பிரதியும் நடக்காது என்றார்கள். 2011இல் மூடிவிட்டார்கள். விளையாட்டு குறைவு; அதற்குள் நல்ல கைத்தொலைபேசிகளும் வந்துவிட்டன.

சீனத்துப் பெற்றோர் செய்த தந்திரம்

வேறொரு பக்கத்திலிருந்தும் இந்தக் கதையைப் பார்க்கலாம். 1990களில் சீனாவில் சூபோர் என்ற கம்பெனி, அதே ஃபேமிகாம் நகலுக்கு ஒரு தட்டச்சுப் பலகையைச் சேர்த்துப் "படிப்பு இயந்திரம்" என்று விற்றது. நடிகர் ஜாக்கி சானே விளம்பரத்தில் தோன்றினார். பெற்றோருக்குப் படிப்பு, பிள்ளைகளுக்கு விளையாட்டு! "டைப் பழகுறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு எத்தனை பிள்ளைகள் டாங்கி ஓட்டினார்களோ. ஆனால் அந்தப் பலகையில் பேசிக் என்ற நிரல் மொழியும் இருந்தது. நாலு வரி எழுதித் திரையில் ஒரு புள்ளியை நகர்த்த முடிந்தது.

இந்தப் பெட்டிகள் இந்தியச் சந்தைகளிலும் பரவின. 2008 வாக்கில் டெரெக் லோமாஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், இந்தியாவில் 12 டாலர் அளவில் தட்டச்சுப் பலகையோடு இவை விற்பதைக் கண்டு வியந்துபோனார். பிளேபவர் என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஏழை வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்துகிற இந்தப் பெட்டிக்கே கணக்கு, ஆங்கிலம், தட்டச்சு விளையாட்டுகளைப் புதிதாக எழுதலாம்; எழுதும் முறையைப் பகிரங்கமாக எல்லாருக்கும் கொடுக்கலாம் என்பது திட்டம். பெட்டிகள் வேகமாகப் பழமையாகிவிட்டன. பிறகு முயற்சி கைத்தொலைபேசிப் பக்கம் திரும்பியது. ஆனாலும் எனக்கு இந்த யோசனைதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. புதுப் பெட்டி செய்ய ஓடாமல், ஏழை வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிடப் பார்த்தது அது ஒன்றுதான்.

உள்ளங்கையளவு பலகை

விளையாட்டுக்காகப் பிறக்காத ஒன்றுதான் கடைசியில் நிலைத்து நின்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதவே தெரியவில்லையே என்று எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் கவலைப்பட்டார்கள். 1980களில் வீட்டுக்கணினியைத் திறந்ததும் நிரல் எழுதும் இடம் முன்னால் வந்து நிற்கும். பிற்காலப் பெட்டிகளில் அது இல்லை. அதனால் 2012 பிப்ரவரி 29ஆம் தேதி ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை 35 டாலருக்கு வெளியிட்டார்கள். தொலைக்காட்சியில் பொருத்தலாம், தட்டச்சுப் பலகை செருகலாம், லினக்ஸ் ஓடும். கோடிக்கணக்கில் விற்றுவிட்டது.

அதைப் பயன்படுத்துகிறவர்களே அதற்கு விளையாட்டுப் பெட்டி வேஷமும் கட்டிவிட்டார்கள். ரெட்ரோபை என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அந்தக் காலத்து விளையாட்டெல்லாம் அதில் ஓடும். ஸ்கிராட்ச் என்ற நிரல் கருவியில் பொம்மைக் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கிப் பிள்ளைகளே சொந்த விளையாட்டு செய்யலாம். எந்தக் கடையின் விளக்கு அணைந்தாலும் வீட்டில் இருப்பது நிற்காது. 2020இல் தட்டச்சுப் பலகைக்குள்ளேயே முழுக் கணினியையும் வைத்து பை 400 என்ற மாதிரியையும் கொண்டுவந்தார்கள். சூபோரின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். பினாங்கு மாநிலத்திலேயே சைட்ரான் என்ற மலேசியக் கம்பெனி இந்தப் பலகைகளை விற்கிறது. பிள்ளைகள் பழகுவதற்கு வேறு மலிவுப் பலகைகளைத் தானே செய்தும் விற்கிறது.

இதன் பலம் எங்கே இருக்கிறது? தோட்டக் கடைக் கணக்கை இவர்கள் போடவே இல்லை. பலகையை விற்றோம், லாபம் எடுத்தோம், கதை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். விளையாட்டை நம்பி அவர்கள் பிழைக்கவில்லை. கல்விக்கூடம், தொழிற்சாலை என்று பல இடங்களிலும் வாங்குகிறார்கள். அந்த நிழலில் விளையாட்டுப் பிள்ளைகளும் ஒண்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்று. பலகையின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மின்னேற்றி, நினைவட்டை, மூடி, தட்டச்சுப் பலகை, கைப்பிடி எல்லாம் சேர்ந்தால் செலவு இரு மடங்குக்கும் போய்விடும். 2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகம் முழுவதும் ஏறியது. பெரிய நினைவகம் கொண்ட மாதிரிகளின் விலையும் அதோடு ஏறிற்று. மலிவுப் பெட்டி எவ்வளவு மலிவாக இருக்கும் என்பதைக் கேம்பிரிட்ஜில் இருக்கிறவர்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை.

நம்மவர் ஒருவர் திறந்த கதவில் நுழைந்த கதை

"இதெல்லாம் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் சமாச்சாரம். நம் பிள்ளைகளால் ஆகுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோலாலம்பூரிலேயே பதில் இருக்கிறது.

1981இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட தனியாள் கணினியின் உள்ளமைப்பை எல்லாரும் பார்க்க முடிந்தது. அதே மாதிரிக் கணினியை யார் யாரோ மலிவாகச் செய்தார்கள். அதற்கு நிரல் எழுத எவரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 1980களில், கவிஞரும் தமிழாசிரியருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன், அந்தக் கணினியில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர உழைத்தார். அதுவே முரசு அஞ்சல் ஆயிற்று. 2005இல் கைத்தொலைபேசிக்குச் செல்லினம் வந்தது. அவர் வடித்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்ப் பத்திரிகைகளும் தமிழ்ப் பள்ளிகளும் கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ததற்கு அவர் உழைப்பும் ஒரு காரணம்.

அதே 1980களில் அதே ஊரில் விற்ற விளையாட்டுப் பெட்டிகளில் தமிழில் ஒரு எழுத்தாவது வந்ததுண்டா? திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஒன்றில் கதவு திறந்திருந்தது, இன்னொன்றில் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

நம் நாட்டு விளையாட்டு வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. 2025 ஜூலையில் உப்பின் இப்பின் கதையை வைத்துப் பெரிய விளையாட்டு ஒன்று வந்தபோது பிள்ளைகள் துள்ளினார்கள். ராஜுவும் முத்து அங்கிளும் வாழும் கம்போங் அல்லவா அது! ஆனால் அறிமுக விலை ஏறத்தாழ 170 வெள்ளி. அதை ஆட ஒரு நல்ல பெட்டியோ கணினியோ வேறு வேண்டும். சோனியின் ஐந்தாம் பிளேஸ்டேஷன் இந்த நாட்டில் 2,000 வெள்ளிக்கு மேல். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. கணக்குப் போட்டுப் பார்க்கக் கிராணியார் வேண்டியதில்லை.

அப்படியானால் வருமா, வராதா?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனி லாபத்துக்காகச் செய்யும் மலிவான, கதவு திறந்த விளையாட்டுப் பெட்டி நிலைப்பது கஷ்டம். அதற்கு ஓயாவின் சமாதியே சாட்சி. அதைவிடப் பெரிய போட்டியாளர் ஏற்கெனவே நம் சட்டைப்பையில் இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளில் பலரும் இன்று ஆடுவது கைத்தொலைபேசியில்தான். ஆனால் அதில் ஆடலாமே ஒழிய, உட்கார்ந்து ஒன்றை உண்டாக்குவது சிரமம். விரல் நுனியளவு எழுத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிரல் எழுத முடியும்?

2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? ஒரே கைத்தொலைபேசி, அதற்கு மூன்று பிள்ளைகள். அப்பா வேலையிலிருந்து வந்து போனைக் கொடுத்தால்தான் பாடம். அதே வீட்டில் தொலைக்காட்சி சும்மா மாட்டிக் கிடந்தது. அந்தத் தொலைக்காட்சியைக் கணினியாக்குகிற ஒரு தட்டச்சுப் பலகை வீட்டில் இருந்திருந்தால்? பகலில் பாடம், மாலையில் விளையாட்டு, அக்கறையுள்ள பிள்ளைக்கு நிரல் எழுதும் இடம். திறந்த பெட்டிக்கு நம்மிடையே எதிர்காலம் உண்டென்றால் இந்த வழியில்தான் உண்டு. விளையாட்டுச் சாமானாக மட்டும் வந்தால் இல்லை.

அதற்கும் ஒரு குறை இருக்கிறது. பெட்டியை வாங்கிவிடலாம், சொல்லித் தர ஆள்? பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பிள்ளைகளுக்கு வகுப்புக்குப் போக ரயில் உண்டு. கேரித் தீவிலோ பந்திங் உள்தோட்டத்திலோ இருக்கும் பிள்ளைக்கு யார்? நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கு இரண்டு பலகை, விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கிடைத்தால் பல்லாங்குழியிலிருந்தே தொடங்கலாம். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு அதுவே சோங்காக். குழி, முத்து, எண்ணிக்கை என்று விதிகள் தெளிவாக இருப்பதால் முதல் நிரலுக்குப் பொருத்தமான விளையாட்டு. பாட்டிமார்களிடம் விதி கேட்டு வரச் சொல்லலாம். ஊருக்கு ஊர் விதி மாறும் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கும் தெரியும்.

தீபாவளிக்கு மலிவுப் பெட்டி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சில வார்த்தை. பத்தாயிரம் விளையாட்டு என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்; 999999 பார்த்த ஆள்கள் நாம். மின்னேற்றியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். முத்திரையில்லாத மலிவு மின்னேற்றி இரவு முழுவதும் சுவரில் கிடப்பது நல்லதல்ல. உங்கள் தொலைக்காட்சி பழசென்றால் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் குச்சியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அன்று கிள்ளானில் அந்த அம்மா குச்சியை வாங்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று நகர்ந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பிடித்துவிட்டேன்.

"தம்பி, நீ கேட்டியே, அது முடியும். ஆனா அந்தக் குச்சியில இல்லே" என்றேன். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவர் என்ன விற்க வந்திருக்கிறார் என்ற சந்தேகம் அவருக்கு. நான் எதையும் விற்கவில்லை என்று சொன்ன பிறகுதான் காது கொடுத்தார்.

"அதுல பள்ளிக்கூடப் பாடமும் பார்க்கலாங்களா?"

"பார்க்கலாம்மா."

"என்ன வெலைங்க ஆகும்?"

சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து துணிக்கடை ரசீதை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பேரை மட்டும் எழுதிக் குடுங்கண்ணே. போனஸ் வரட்டும், பார்ப்போம்." எழுதிக் கொடுத்தேன். பையன் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே பந்திங் பஸ் வந்துவிட்டது.